கடலில்லா ஊரின் கடற்கரைக் கிடங்கு

காஞ்சி மாநகருக்குக் கடல் இல்லை. வேகவதியும் பாலாறும் அதன் ஆறுகள்; அவற்றிலும் ஆண்டின் பெரும்பகுதி மணலே காட்சி தரும். ஆயினும் 7ஆம் நூற்றாண்டில் பாரத நாட்டை வலம் வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கின் வரலாற்றை எழுதிய அவருடைய மாணாக்கர், காஞ்சிபுரத்தைத் தென்னாட்டின் கடல்துறை என்றே குறித்தார். அங்கிருந்து சிங்களத் தீவுக்கு மூன்று நாள் கடல் வழி என்றும் எழுதி வைத்தார். நேரில் காணாதவர் செவிவழிச் செய்தியை எழுதியதால் நேர்ந்த பிழை என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர் சொன்னதில் ஓர் உண்மை உண்டு. காஞ்சியின் வாயில் ஊருக்குள் இல்லை. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தென்கிழக்கே, பாலாறு கடலோடு கலக்கும் முகத்தை அடுத்த மணற்கரையில் இருந்தது.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. பாணன் செல்லும் வழியில் நீர்ப்பெயற்று என்னும் பட்டினத்தைப் புலவர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். குதிரைகளையும் வடபுலத்துப் பண்டங்களையும் கொண்டுவந்த கலங்களும், இரவில் கலங்களுக்குக் கரை காட்டும் விளக்கு மாடமும் அங்கே இருந்தன. அப்பட்டினம் இன்றைய மாமல்லபுரமா, அதற்குத் தெற்கே பாலாற்று முகத்திலிருந்த மற்றோர் ஊரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், 1970ஐ ஒட்டித் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் பாலாற்று முகத்தருகே வசவசமுத்திரம் என்னும் சிற்றூரில் அகழ்ந்தபோது, மேலைநாட்டு மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகளும், உறைகிணறுகளும், செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. அடுத்துள்ள வயலூரில் பல்லவர் வழிமுறை கூறும் இராசசிம்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. இவற்றிற்கெல்லாம் வடக்கே, பத்துக் கிலோமீட்டருக்குள், சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. ஒரே கரை, ஈராயிரம் ஆண்டுகளாக இடம் சிறிது சிறிது நகர்ந்ததே தவிரத் தொழில் மாறவில்லை.

சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் விட்டுச் சென்ற கோட்டைக்குள் இரண்டு பெருங்கிடங்குகள் இன்றும் நிற்கின்றன. தொண்டைமண்டலத்துத் தறிகளுக்கும் உலகத்துக்கும் இடையே நின்ற கட்டடங்களில் எஞ்சியவை இவை போன்ற சிலவே. கோயிற் கோபுரங்களைப் பற்றி நூறு நூல்கள் உள்ள மாவட்டத்தில் இவற்றைப் பற்றிய பேச்சு அரிது.

துறையும் திடலும்

கிடங்கின் கட்டமைப்பைப் புரிந்துகொள்வதற்கு முன், அது நிற்கும் கரையைப் புரிந்துகொள்ள வேண்டும். பழந்தமிழ்த் துறைகள் பெரும்பாலும் ஆற்றுமுகத் துறைகள். கடலிலிருந்து கலம் கழிமுகத்துள் நுழைந்து, அலையடங்கிய நீரில் நின்று, கரையோடு பொருந்தி இறக்குமதி செய்தது. பூம்புகாரை அடுத்த கீழையூரில் மத்தியத் தொல்லியல் துறையினர் 1960களில் அகழ்ந்து கண்ட செங்கல் மேடை, படகுகள் அணைந்து நிற்பதற்கென்றே கட்டப்பட்டது. படகுகளைக் கட்டிய மரத்தூண்களின் அடிப்பகுதிகளும் அங்கே கிடைத்தன. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, ஏறத்தாழ 150 அடி நீளமுள்ள ஒரு நேரிய செங்கற்கட்டடம் கரையை ஒட்டி வெளிப்பட்டது. அதைப் பண்டசாலை என்று அவர் கொண்டார். சுவர்களின் அடித்தளம் மட்டுமே எஞ்சியிருந்தது. மேற்செங்கற்களை ஊரார் பெயர்த்துச் சென்று நெடுங்காலம் ஆகியிருந்தது. அவ்வூரை உரோமர் நிறுவியதாகவே எண்ணும்படி அவர் எழுதியவற்றை, 1989 முதல் 1992 வரை அங்கே அகழ்ந்த விமலா பெக்லே போன்றோர் பெரிதும் திருத்தினர். உரோமர் கலம் வருமுன்பே அங்கு ஊர் இருந்தது. அவர்கள் வரவு நின்ற பின்னும் இருந்தது. எனவே அப்பண்டசாலையையும் யவனர் கட்டித் தந்த ஒன்றாக எண்ண வேண்டியதில்லை.

பட்டினப்பாலை பாடியவரும் உருத்திரங்கண்ணனார்தாம் என்பது இங்கு நினைக்கத்தக்கது. புகாரின் சுங்கச் சாவடியை அவர் பாடும் பகுதி, கிடங்கைப் பற்றிய தமிழின் பழைமையான ஓவியம். நிலத்திலிருந்து கடலுக்கும் கடலிலிருந்து நிலத்துக்கும் செல்லும் பண்டங்கள், புலிச் சின்னம் பொறிக்கப்பட்டு, காவலர் கண்காணிப்பில் முற்றத்தில் மலையெனக் குவிகின்றன. அந்த மூடைக் குவியலின் மேல் நாயும் ஆட்டுக்கிடாயும் துள்ளி விளையாடுகின்றன. புலவரின் கண் குவியலில் நிற்கிறது. சுவர் எத்தனை முழம், கூரை எதனால் வேய்ந்தது என்பதை அவர் சொல்லவில்லை. கலம் வாயிலருகே வந்து நிற்கும் துறையில் பண்டம் நெடுநாள் தங்குவதில்லை. முற்றமே போதுமானதாக இருந்திருக்கலாம்.

17ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு. ஆழ்ந்த அடிப்பகுதி கொண்ட ஐரோப்பியக் கப்பல்கள் மணல் தூர்ந்த கழிமுகங்களுள் நுழைய இயலாதவை. சோழமண்டலக் கரை நெடுகிலும் அவை கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் மணலுக்கும் இடையே மூன்று அடுக்காக மறியும் அலைகள். அவற்றைக் கடக்க வல்லவை, ஆணியின்றிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகள் மட்டுமே; அலை மோதும்போது ஆணியடித்த படகு பிளக்கும், தைத்த படகு நெகிழ்ந்து கொடுக்கும். சென்னையிலேயே இந்நிலை 19ஆம் நூற்றாண்டின் இறுதி வரை நீடித்தது. 1861இல் இரும்புத் தூண் பாலம் ஒன்று கடலுள் நீட்டப்பட்டது. பின்னர் எழுப்பிய துறைமுகச் சுவர்களை 1881 நவம்பர்ப் புயல் சிதைத்தது.

கப்பலும் எந்நாளும் நிற்பதில்லை. ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்குமுன் கரையை விட்டு விலகிவிட வேண்டும். தை பிறந்த பின்னரே திரும்பலாம். ஆகவே துணி ஒரு காலத்தில் வரும், கப்பல் மற்றொரு காலத்தில் வரும். இடைப்பட்ட மாதங்களை எங்கேனும் வைத்துக் காக்க வேண்டும். துறையில்லாத கரையில் கிடங்கே துறைமுகமாயிற்று. அதன் சுவர்கள் காத்தது துணியை மட்டும் அன்று; காலத்தையும்தான்.

சதுரங்கப்பட்டினம்

இவ்வூர் 14ஆம் நூற்றாண்டில் சம்புவராய மன்னன் இராசநாராயணன் பெயரால் இராசநாராயணன் பட்டினம் என வழங்கியது. சதுரங்கப்பட்டினம் என்ற பெயர் பின்னர் நிலைத்தது. ஐரோப்பியர் நாவில் அது 'சத்ராஸ்' என்று குறுகியது. மெல்லிய மஸ்லின் துணிக்கு அப்பெயர் கடல் கடந்தும் அறிமுகமாயிருந்தது.

1602இல் தோன்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வேண்டியது முதலில் துணி அன்று; மொலுக்கஸ் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும்தான். ஆனால் அத்தீவினர் வெள்ளியை விரும்பவில்லை, தமிழகத்துத் துணியையே விரும்பினர். சோழமண்டலக் கரை மொலுக்கஸின் இடக்கை என்று 1612இல் என்றிக் பிரவுவர் என்னும் கம்பெனி அதிகாரி சொன்னதன் பொருள் இதுவே. பழவேற்காட்டில் 1613இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. இவ்விரண்டிற்கும் நடுவே, நெசவூர்கள் செறிந்த தொண்டைமண்டலத்தின் முகத்தில் சதுரங்கப்பட்டினம் அமைந்தது. தலைமை இடங்கள் இரண்டிலும் கோட்டைகள் அழிந்துவிட்டன. இடைநிலை ஊராகிய இதில்தான் கட்டடங்கள் மிஞ்சின என்பது வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

கோட்டையைக் காண வருவோர் வாயிலில் உள்ள பீரங்கிகளின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். பூவேலையும் இலச்சினையும் செதுக்கிய ஒல்லாந்தக் கல்லறைக் கற்களைக் காண்பர். யானை மீது ஏறுவதற்கென்று கட்டிய மேடையை வியப்பர். கிடங்குகளுக்கு ஒரு பார்வையே கிடைக்கும். நெற்களஞ்சியம் என்று யாரேனும் சொல்லக் கேட்டுக்கொண்டு நகர்வர். நெல்லும் இருந்திருக்கும், முற்றுகைக்கு அஞ்சும் கோட்டையில் நெல் இல்லாமல் இராது. ஆனால் இக்கரைக்குக் கம்பெனி வந்தது நெல்லுக்காக அன்று.

வளைவின் கணக்கு

துணிக்குப் பகைகள் ஐந்து: ஈரம், கறையான், எலி, தீ, திருடன். கடற்கரையில் ஆறாவதாக உப்புக் காற்று சேரும். கிடங்கின் ஒவ்வோர் உறுப்பும் இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்குச் சொன்ன விடை.

கூரையிலிருந்து தொடங்கலாம். அக்காலத்து மச்சு வீடுகளில் தேக்கு உத்திரங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் மூடுவது வழக்கம். சென்னை மச்சு எனப் புகழ்பெற்ற அம்முறை வீட்டுக்குத் தகும். கிடங்குக்குத் தகாது. உத்திரம் மரம், மரம் கறையானுக்கும் தீக்கும் இரை. போர்க்காலத்தில் ஒரு வெடிகுண்டு விழுந்தால் கூரையும் சரக்கும் சேர்ந்து எரியும். எனவே சதுரங்கப்பட்டினத்துக் கிடங்குகள் மரமே இல்லாமல், நீண்ட பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்தாற் போன்ற வளைகூரை கொண்டு கட்டப்பட்டன. முழுவதும் செங்கல்லும் சுண்ணாம்பும்.

வளைவுக்கு ஒரு குணம் உண்டு. உத்திரம் தன் சுமையை நேர் கீழே இறக்கும். வளைவு பக்கவாட்டில் தள்ளும். தாங்கும் சுவர் மெலிந்தால் வளைவு கால் விரித்து விழுந்துவிடும். ஆகையால் பக்கச் சுவர்கள் பருத்திருக்க வேண்டும். அப்பருமன் வேறு இரண்டு பயன்களையும் தந்தது. பகல் வெப்பம் உள்ளே இறங்கும் முன் மாலை வந்துவிடும். கன்னக்கோல் வைத்துத் துளைக்க முயன்றவனுக்கு இரவு போதாது. ஒரு தேவைக்காகத் தடித்த சுவர் மூன்று வேலை செய்தது. இத்தகைய சிக்கனமே இக்கட்டடங்களின் அழகு என்று சொல்லத் தோன்றுகிறது. வேறு அழகு அவற்றில் இல்லை. யாரும் வைக்க எண்ணவும் இல்லை.

இவ்வளைவை ஒல்லாந்தர் கற்பித்தனர் என்று எழுதுவோர் உண்டு. அது முழு உண்மையன்று. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் விமானம் கற்களை ஒன்றின்மேல் ஒன்று சிறிதுசிறிதாக உள்ளே நீட்டி எழுப்பியதே. உண்மை வளைவு அதில் இல்லை. கோயிற் சிற்பியர் கல்லில் தூணும் உத்திரமும் போதுமெனக் கொண்டனர். ஆனால் கோயிலுக்கு வெளியே, செங்கல்லில், கொத்தர் மரபு வேறாக வளர்ந்திருந்தது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் தஞ்சை நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எழுந்த நெற்களஞ்சியம் மரமின்றிச் செங்கல்லால் கவிந்து உயர்ந்தது. 3000 கலம் கொள்வது என்பர். திருவரங்கத்தில் கோயிலின் வட்டக் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. மதுரையில் 1636இல் எழுந்த திருமலை நாயக்கர் மாளிகையின் வளைவுகளைச் சொல்லவே வேண்டியதில்லை. வளைவு கட்டத் தெரிந்த கைகள் இந்நாட்டில் இருந்தன. வரைபடம் கம்பெனியின் பொறியாளருடையதாக இருந்திருக்கும். சாரம் கட்டியதும் சுண்ணாம்பு குழைத்ததும் இவ்வூர்க் கொத்தர்களும் சிற்றாட்களும்.

சுண்ணாம்பு கடற்கரையிலேயே கிடைத்தது. கிளிஞ்சலைச் சூளையிலிட்டுச் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்துச் செக்கில் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் கலந்து புளிக்கவிட்ட காரை, நாளாக நாளாகக் கல்லாக இறுகும். உப்புக் காற்று சிமெண்டைத் தின்பதையும் அதனுள் உள்ள இரும்பைத் துருவாக்குவதையும் இக்கடற்கரையின் பிற்காலக் கட்டடங்களில் காணலாம். கிளிஞ்சற் காரைக்குள் துருப்பிடிக்க இரும்பு இல்லை.

காற்று வேண்டும், ஆனால் மழைச்சாரல் வேண்டாம். வெளிச்சம் சிறிது வேண்டும், ஆனால் சாயத்தை வெளிறச் செய்யும் வெயில் வேண்டாம். ஆதலால் இத்தகைய கிடங்குகளில் திறப்புகளைச் சிறியனவாக, ஆள் எட்டாத உயரத்தில் வைப்பது வழக்கம். வாயில்கள் குறைவு. காவலுக்கு ஒரு வாயில் போதும் என்பது ஒரு காரணம். வாயில் குறுகியதாக இருந்தால் உள்ளே போவதை எண்ணலாம் என்பது மற்றொன்று.

குறுகிய வாயில்

அந்த வாயிலில்தான் கட்டடக் கலை முடிந்து மனிதர் கதை தொடங்குகிறது.

கம்பெனி நெசவாளரிடம் நேரே சென்றதில்லை. ஊர் வணிகரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு முன்பணம் தந்தது. 1660கள் முதல் ஒல்லாந்தர் தம் துறைகளில் வணிகர்களைக் கூட்டுக் குழுக்களாகத் திரட்டினர். ஒருவர் தவறினாலும் மற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது ஏற்பாடு. வணிகர் தம் தரகர் வழியே நெசவூர்களில் முன்பணத்தைப் பகிர்ந்தளித்தனர். நெசவாளர் அப்பணத்தில் நூல் வாங்கி, பாவு ஓடி, கஞ்சி போட்டு, குழித்தறியில் அமர்ந்தார். நெய்த துணி அதே வழியே திரும்பிக் கிடங்கின் வாயிலுக்கு வந்தது.

அங்கே கம்பெனி ஒரு மாதிரித் துணியை வைத்திருந்தது. வந்த துணி அதனோடு ஒப்பிடப்பட்டது. நீள அகலம் அளந்தார்கள். நெருக்கத்தைப் புஞ்சக் கணக்கில் சோதித்தார்கள். பாவில் 120 இழை கொண்டது ஒரு புஞ்சம். மாதிரிக்கு இணையானது முதல் தரம். சிறிது குறைந்தது இரண்டாம் தரம், விலை வெட்டு. மிகக் குறைந்தது திருப்பி அனுப்பப்பட்டது. தேறிய துணி வண்ணாரிடம் சென்று வெளுத்து, கஞ்சியிட்டு, மடித்து, சிப்பமாக இறுகக் கட்டப்பட்டு, கம்பெனிக் குறி பொறிக்கப்பட்டு வளைகூரையின் கீழ் அடுக்கப்பட்டது. தேறாத துணியை வணிகர் நெசவாளர் கணக்கில் எழுதினார். முன்பணம் கடனாயிற்று.

ஒரு குடும்பம் பல வாரங்கள் நெய்ததை அந்த வாயிலில் சில நிமிடங்கள் தீர்மானித்தன. காஞ்சித் தெருவில் விடியுமுன் பாவு நீட்டி, மனைவி மக்களுடன் இழை பிரித்து, அறுந்ததை முடிந்து, குழியில் கால் வைத்தவர் அந்த வாயிலைக் கண்டிருக்கவும் மாட்டார். வணிகர் சொல்வதே அவருக்குக் கிடங்கின் சொல்.

மழைக்காலத்தில் இம்முறையின் கொடுமை முழுதும் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் பாவு நீட்ட இயலாது. போட்ட கஞ்சி உலராது. தறிக்குழியில் நீர் ஊறும். அதே மாதங்களில் கப்பலும் கரையில் இல்லை. தறி நின்றது, கடல் நின்றது. கிடங்கு மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த சிப்பம் நனையாமல் காத்திருந்தது. நெய்தவரின் கூரை ஓலை. துணிக்குக் கட்டிய சுவரில் பத்தில் ஒரு பங்குப் பருமன் துணி நெய்தவருக்குக் கிடைத்திருந்தால் பல குடும்பங்கள் மழையைத் தாங்கியிருக்கும் என்று ஒருவர் எண்ணினால், அதை மிகையெனத் தள்ளிவிட முடியாது.

எனினும் நெசவாளரை வெறும் இரக்கத்துக்குரியவராக மட்டும் வரைவதும் தவறு. காஞ்சியின் நெசவாளர் அமைப்புப் பலம் பழையது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் உத்தம சோழன் வெளியிட்ட, இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள செப்பேடு, கச்சிப்பேட்டின் நான்கு சேரிகளில் வாழ்ந்த பட்டசாலியர் என்னும் நெசவாளரை ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிருவாகத்தில் அமர்த்தியதைச் சொல்கிறது. கோயில் கணக்கைப் பார்த்தவர்களுக்குக் கம்பெனி கணக்கு புரியாமல் இராது. முன்பணத்தைத் திருப்பித் தந்து ஒப்பந்தத்தை முறிக்கவும், நல்ல விலை தரும் மற்றொருவருக்கு நெய்யவும், கொடுமை மிகுந்தால் தறியைக் கழற்றிக்கொண்டு வேற்றூருக்குப் பெயரவும் அவர்களால் முடிந்தது. ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், தரங்கம்பாடியில் தானேசியர் எனப் பல கிடங்குகள் ஒரே கரையில் போட்டியிட்ட வரை இவ்வுரிமைக்கு வலு இருந்தது. வாயில்கள் பல இருந்தால் ஒரு வாயிலின் கொடுமை குறையும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கம்பெனி நாட்டையே ஆளத் தொடங்கியபோது, பிறருக்கு நெய்யக் கூடாது என்பது சட்டத்தின் துணையோடு வந்தது. வாயில் ஒன்றாயிற்று.

கிடங்கு என்னும் சொல்

இங்கே ஒரு சொல்லைப் பற்றி இடையில் கூறுவது பொருந்தும். ஆசியத் துறைமுகங்கள் எங்கும், ஆங்காங் வரையில், ஆங்கிலத்தில் சரக்கறைக்கு வழங்கிய பெயர் 'கோடவுன்'. அது மலாய் மொழியின் 'குடாங்' என்பதிலிருந்து போர்ச்சுகீசியர் வாய்வழி ஆங்கிலத்துக்கு வந்தது என்றும், மலாய்ச் சொல்லே தமிழ்க் 'கிடங்கு' அல்லது தெலுங்குக் 'கிடங்கி'யிலிருந்து பிறந்தது என்றும் சொல்லாய்வாளர் பலர் கருதுவர். பழந்தமிழில் கிடங்கு என்பது கோட்டையைச் சூழ்ந்த அகழிக்கும் பெயர். கிடத்தல் என்னும் வினையோடு அது ஒலியால் மட்டும் அன்றிப் பொருளாலும் இயைகிறது. பண்டம் கிடக்கும் இடம் கிடங்கு. துணியோடு சென்று கீழ்த்திசைத் தீவுகளில் இறங்கிய அச்சொல், பல நாவுகளில் உருண்டு, இப்போது 'குடோன்' என்ற வடிவில் காஞ்சிக் கடைத்தெருவுக்கே திரும்பி வந்திருக்கிறது. பிறந்த வீட்டில் அதை யாரும் அடையாளம் காணவில்லை.

காலியும் தரங்கம்பாடியும்

அதே ஒல்லாந்தக் கம்பெனி துறைமுகம் வாய்த்த ஊரில் எவ்வாறு கட்டியது என்பதை இலங்கையின் காலிக் கோட்டை காட்டுகிறது. அங்கே இயற்கைத் துறை உண்டு. பெருங்கிடங்கு கோட்டை மதிலோடு மதிலாகத் துறையை நோக்கி நீண்டு கிடக்கிறது. கோட்டையின் பழைய வாயிலே அதனூடாகச் செல்கிறது. வாயிலின் உட்புறத்தில் கம்பெனியின் இலச்சினையும் சேவலும் 1669 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. துறையிலிருந்து ஊருக்குள் செல்பவன் கிடங்கின் வயிற்றைக் கடந்தே செல்ல வேண்டும். கறுவாப்பட்டை மணத்த அக்கட்டடம் இன்று கடல்சார் அருங்காட்சியகம். 2004 ஆழிப்பேரலையில் பொருள்கள் பல சிதைந்தும் சுவர்கள் நின்றன.

தரங்கம்பாடியில் தானேசியர் 1620இல் எழுப்பிய தான்சுபோர்க் கோட்டையில் மற்றொரு தீர்வைக் காணலாம். கீழ்த்தளம் வளைகூரைச் சரக்கறைகள். அவற்றின் மேல் ஆளுநர் குடியிருப்பும் தேவாலயமும். வணிகம் அடித்தளமாகவும் ஆட்சியும் வழிபாடும் அதன் மேற்றளமாகவும் அமைந்த கட்டடத்துக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. சதுரங்கப்பட்டினத்துக் கிடங்குகள் இவ்விரண்டினும் எளியவை. மேலே யாரும் குடியிருக்கவில்லை. ஊர்வாயில் அவற்றினூடாகச் செல்லவில்லை. கிடங்கு கிடங்காகவே நின்றது.

பின்னர்

இக்கோட்டையின் பெயர் அரசியல் வரலாற்றில் இரண்டு முறை பெரிதாக வரும். 1754 சனவரியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கருநாடகப் போரை நிறுத்துவது பற்றிப் பேச, இருவருக்கும் பொதுவான ஒல்லாந்தர் இடம் என்பதால் இங்கே கூடினர்; பேச்சு முறிந்தது. 1782 பிப்ரவரி 17இல் இக்கரைக்கு எதிரே கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் ஆங்கிலத் தளபதி இயூசும் மோதினர். அதற்கு முன்னரே, 1781இல், கோட்டை ஆங்கிலேயர் வசமாகியிருந்தது. பின் ஒல்லாந்தரிடம் திரும்பி, 1795இல் மீண்டும் கைமாறி, 1818இல் மறுபடியும் திருப்பித் தரப்பட்டு, 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 1825இல் முடிவாக ஆங்கிலேயரிடம் வந்து சேர்ந்தது. கம்பெனியோ 1799 இறுதியிலேயே கலைந்துவிட்டது.

1825இல் ஆங்கிலேயர் பெற்றது வெறுங்கிடங்கு. அதற்குள் காற்றின் திசையே மாறிவிட்டது. இலங்காசயர் ஆலைகளின் நூலும் துணியும் இக்கரைக்கு வரத் தொடங்கிய காலம் அது. ஏற்றுமதிக்கெனக் கட்டிய சுவர்களுக்குள் ஏற்ற ஒன்றும் இல்லை. கடலை நம்பிய நெசவூர்கள் பல தறியை விட்டன. காஞ்சி தப்பியதற்கு ஒரு காரணம், அது முகம் திருப்பிக்கொண்டதுதான். கப்பலை விட்டுக் கோயிலையும் கலியாண வீட்டையும் பார்த்தது. பருத்தியிலிருந்து மேலும் மேலும் பட்டுக்கு நகர்ந்தது. இப்போது பட்டு நூல் கருநாடகத்திலிருந்தும் சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்தும் தரைவழியே வருகின்றன. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலாற்று முகத்தோடு நெசவாளருக்கு இப்போது தொடர்பு இல்லை. 2019இல் செங்கற்பட்டு தனி மாவட்டமானபோது கடற்கரை முழுவதும் அதனுடன் சென்றது. ஆட்சி வரைபடத்திலும் காஞ்சி கடலற்ற ஊராயிற்று.

சதுரங்கப்பட்டினக் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது. வளைகூரைகள் பல பருவமழைகளைக் கண்டு நிற்கின்றன. காஞ்சியில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் உள்ளன. நெசவாளர் முடித்த சேலையைக் கொண்டுவந்து மேசைமேல் விரிக்கிறார். பணியாளர் எடை பார்க்கிறார். கோர்வை பிசகாமல் சேர்ந்திருக்கிறதா, முந்தியில் இழை விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். கணக்கேட்டில் கூலி எழுதப்படுகிறது. சேலை மடித்து அலமாரியில் வைக்கப்படுகிறது. முகூர்த்த மாதங்கள் வரை அது அங்கே காத்திருக்கும். விற்பனை மந்தமான ஆண்டில் அடுத்த தைக்கும் காத்திருக்கும். அலமாரி நிறைந்துவிட்டால் நெசவாளருக்கு அடுத்த பாவு தாமதமாக வரும்.